கட்டியின் ஒரு பாதி

என் மகளின் கழுத்தில், இடக்காதுக்குக் கீழே இரண்டு விரற்கடை தள்ளி, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருப்பதை முதலில் கண்டவள் என் மனைவி. எண்பதுகளின் நடுப்பகுதி அது. அரூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியனாக இருந்தேன். மகளுக்கு ஏழு வயது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து விடும்போது விரலில் தட்டுப்பட்டதாகச் சொல்லி, என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டேன். தோலுக்கடியில் யாரோ கூழாங்கல் ஒன்றைச் செருகி வைத்ததுபோல் இருந்தது. அழுத்திப் பார்த்தேன், குழந்தை முகம் சுளிக்கவில்லை. வலி இல்லாதது நல்லது என்று அவள் எண்ணினாள். எனக்கோ அதுதான் பிடிக்கவில்லை. வலிக்கிற கட்டி பழுக்கும், உடையும், ஆறும். வலிக்காமல் இருப்பது என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

"எதாச்சும் பூச்சி கடிச்சிருக்கும்" என்றேன்.

"பூச்சி கடிச்சா இப்படிக் கல்லாட்டமாங்க இருக்கும்?" என்று அவள் கேட்டாள்.

வீட்டில் கட்டி என்றால் செய்கிற முதல் வேலையைச் செய்தாள். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பில் வெல்லத்தைக் குழைத்துக் கட்டியின்மேல் பூசினாள். ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு வாரம். தோல் சிவந்தது, உரிந்தது. கட்டி கடுகளவும் கரையவில்லை. உரிந்த இடத்தில் தோலின் கீழே நீலம் பாரித்ததுபோல் ஒரு நிறம் தெரிந்தது. அது சுண்ணாம்பு வெந்த தழும்பா, கட்டியின் நிறமா என்று எங்களால் பிரித்தறிய முடியவில்லை.

பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியரிடம் வாய் தவறி இதைச் சொல்லிவிட்டேன். அவர் கையில் இருந்த விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, மிகுந்த உறுதியோடு, "சார், அது கண்டமாலைதான். எங்க சித்தப்பனுக்கும் இப்படித்தான் மொதல்ல ஒன்னு வந்துச்சு. அப்பறம் பாருங்க, கழுத்தச் சுத்தி மாலை கோத்த மாதிரி வந்துடுச்சு" என்றார்.

"இப்ப எப்படி இருக்காரு?"

"எங்க இருக்காரு? அது ஆச்சு ரொம்ப வருசம்."

அன்றிலிருந்து எனக்கு வகுப்பில் நிற்கமுடியவில்லை. பாடம் நடத்திக்கொண்டே பிள்ளைகளின் கழுத்துகளை வரிசை வரிசையாகப் பார்த்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் என் விரல் தானாக என் கழுத்துக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மகளைக் கூப்பிட்டு அந்த ஒரு கட்டியைச் சுற்றி இரண்டாவது ஒன்று முளைத்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். ஒரு நாளில் மூன்று தடவை, நான்கு தடவை. அவள் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு தலையைச் சாய்த்துக் கொடுப்பாள்.

மருத்துவமனைக்குப் போக அத்தனை நாள் ஆனதற்குக் காரணம் சோம்பல் அன்று. பெயர் சூட்டப்பட்டுவிட்டால் நோய் உறுதியாகிவிடும் என்ற ஒரு மூடத்தனம். கற்றவன் என்று பெயர் வாங்கிய எனக்குள்ளும் அது குடியிருந்தது.

அரூரில் அப்போது அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். முதலில் மார்பைப் படம் எடுக்கச் சொன்னார். முன்கையில் ஓர் ஊசி குத்தி, அந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு, மூன்றாம் நாள் வரச் சொன்னார். மூன்றாம் நாள் வட்டத்துக்குள் வீக்கம் இல்லை. படத்திலும் ஒன்றுமில்லை. காசநோய்க் கட்டியாக, அதாவது உடற்பயிற்சி ஆசிரியர் சொன்ன கண்டமாலையாக, இருக்க வாய்ப்புக் குறைவு என்றார். நான் குழந்தையின் கையைப் பிடித்து எழுந்தேன். ஆனால் அவர் குழந்தையை விடவில்லை. சன்னலோர வெளிச்சத்துக்கு அழைத்துப்போய்க் கழுத்துத் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தார்.

"இங்க பாருங்க சார். நெறி கட்டினா ரப்பராட்டம் வழுக்கும். இது அப்படி இல்ல. தோலை இழுத்தா மூலை மூலையா நிக்குது. கூடாரத்துக்கு உள்ள குச்சி நட்ட மாதிரி."

பிறகு கட்டியின் ஒரு விளிம்பைக் கட்டைவிரலால் அமுக்கினார். மறு விளிம்பு எழும்பியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மரக்கட்டையின்மேல் பலகையை வைத்து ஏறி இறங்குவார்களே, அப்படி. இந்த இரண்டும் எதைக் காட்டுகின்றன என்று கேட்டேன்.

"குழந்தைங்களுக்கு வரக்கூடிய ஒரு சாதாரணக் கட்டியா இருக்கலாம். முடியோட வேர்லேர்ந்து வர்றது. ஆனா நான் நெனைக்கறது போதாது. கல்லாட்டம் இருக்கறதெல்லாம் சாதாரணமாவே இருக்கணும்னு சட்டம் இல்ல. எடுத்துச் சேலத்துல குடுத்துப் பாத்துடலாம்."

"வேற என்னவா இருக்கலாங்க டாக்டர்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். மனைவி அப்போது வெளியே மருந்து வாங்க நின்றிருந்தாள். "நீங்க எதைக் கேக்கறீங்கன்னு தெரியுது. அதை ரிப்போர்ட் வந்த அப்பறம் பேசலாம்" என்றார்.

அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லாததனாலேயே நான் அதைத் தெளிவாகக் கேட்டேன்.

சனிக்கிழமை காலையில் கட்டியை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, அரைமணி நேரத்துக்குள் முடித்து, மூன்று தையல் இட்டார்கள். குழந்தை முதல் ஊசிக்கு மட்டும் அழுதாள். பிறகு மருத்துவர் என்னை உள்ளே அழைத்தார். ஒரு கிண்ணத்தில் அது கிடந்தது. கத்தியால் அதை நடுவில் இரண்டாக வெட்டினார். மணலை நெரிப்பதுபோல் ஓர் ஓசை கேட்டது. உள்ளே வெள்ளை வெளேரென்று, உடைந்த சுண்ணக்கட்டி மாதிரி. "பாத்தீங்களா, சுண்ணாம்பு படிஞ்சிருக்கு" என்று சொல்லி, இரு பாதிகளையும் ஒரு சிறிய புட்டியில் போட்டு, சதை கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றி, மூடி, ஒட்டுத்துணியில் குழந்தையின் பெயரையும் வயதையும் எழுதி என்னிடமே கொடுத்தார். அக்காலத்தில் அதுதான் நடைமுறை. எடுத்த சதையைச் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோக மருத்துவமனையில் ஆள் கிடையாது. நோயாளியின் வீட்டார்தாம் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். மறுநாள் ஞாயிறு என்பதால் திங்கட்கிழமை காலையில் சேலத்தில் ஒப்படைக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். "என்னாங்க சொன்னாரு?"

"எடுத்தாச்சு. இனிமே ஒன்னுமில்ல."

"அது என்னா புட்டி?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளுடைய கை குழந்தையின் கழுத்தில் போட்டிருந்த துணிக்கட்டின்மேல் இருந்தது. கண்ணில் அந்த இரண்டு மாதத்தில் நான் பார்க்காத ஒரு தெளிவு வந்திருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. "எடுத்தத நம்மகிட்டயே குடுத்துட்டாங்க" என்றேன். சொன்னது ஒரு வகையில் மெய். அந்த மெய்யே எல்லாவற்றையும் குலைத்தது.

புட்டியை என் புத்தக அலமாரியில், அகராதிகளுக்குப் பின்னால் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விடுப்புக் கேட்கத் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனேன். அதற்குக் கால்மணி நேரம் போதும். அங்கிருந்து பேருந்து நிலையத்துக்குப் போய்ச் சேலம் வண்டியின் முதல் நேரத்தைக் கேட்டேன். முந்தைய நாளே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தும் மறுபடி கேட்டேன். புளிமண்டிப் பக்கம் நடந்தேன். திரும்பினேன். மறுபடி நடந்தேன். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. சேலத்து மருத்துவர் எப்படிச் சொல்வார், அதை நான் இவளிடம் எந்தச் சொற்களால் சொல்வேன் என்று வாக்கியங்களை அமைத்துப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது மணி மூன்றரை. கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லின்மேல் அந்தப் புட்டி, கழுவித் துடைத்து, தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மூடி பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

நான் அதை எடுத்துப் பார்த்தேன். ஒட்டுத்துணியில் மகளின் பெயர் நீரில் கரைந்து மங்கியிருந்தது.

"இதுல இருந்தது எங்க?"

மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், "போட்டாச்சுங்க" என்றாள். "அலமாரி தொடைக்கறப்ப புஸ்தகத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. தொறந்தா அந்தத் தண்ணி கண்ணுல எரிச்சல் எடுக்குது. சாக்கடையில ஊத்திட்டேன். புட்டி நல்லா இருக்குது, எண்ணெய்க்கு ஆவும்."

"உள்ள இருந்தது?"

"பொதைச்சாச்சு."

அவள் ஏரியூர்ப் பக்கத்துக்காரி. அவள் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பிலிருந்து விலகியது எதுவானாலும், தொப்புள்கொடியோ வெட்டிய நகமோ, கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது. கொட்டாங்குச்சியில் கல்லுப்பும் மஞ்சளும் இட்டு, அதில் வைத்து, குடியிருக்கிற மண்ணிலேயே புதைத்துவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் விலகியது உடம்பைத் தேடித் திரும்பி வரும். மகள் பிறந்தபோது இதைச் செய்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இந்த வழக்கம் தெரிந்த பெண்ணிடம்தான் 'நம்மிடமே கொடுத்துவிட்டார்கள்' என்று சொல்லியிருந்தேன்.

"எந்த எடத்துல?" என்று கத்தினேன். நான் வீட்டில் குரல் உயர்த்துபவன் அல்லன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் எழுந்தாள்.

"எதுக்கு இப்படிக் கத்தறீங்க? அது எதுக்கு உங்களுக்கு?"

"நாளைக்குச் சேலத்துக்குக் கொண்டுபோகணும்."

"எதுக்கு?"

"டாக்டர் சொன்னாரு."

"அதான் எதுக்குன்னு கேக்கறேன்." அவள் குரல் தணிந்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "நேத்து ஒன்னுமில்லன்னீங்க. இன்னிக்கி மூஞ்சி இப்படி வெளுத்துப்போயி நிக்கறீங்க. காரணத்தச் சொல்லுங்க. அப்பறம் எடத்தச் சொல்றேன்."

மகள் கழுத்தில் வெள்ளைக் கட்டோடு கொல்லைப் படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே அனுப்பத் தோன்றவில்லை. மனைவியிடம் காரணத்தைச் சொன்னேன். கேன்சரா இல்லையா என்று பார்க்கத்தான் என்று, நான் எழுத்தில்கூடக் கையாளாத அந்த ஆங்கிலச் சொல்லை, அவளுக்கு ஐயமின்றிப் புரியவேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

அவள் அழவில்லை. ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கொல்லையின் மூலைக்கு நடந்தாள். முருங்கைமரத்தை அடுத்த கிளறிய மண்ணைக் கையால் காட்டினாள். காட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. மண் புதிதாகக் கிளறப்பட்டிருந்தது உண்மை. ஆனால் அவள் மூடிவிட்டுப் போனதுபோல் இல்லை. குழி திறந்து, கொட்டாங்குச்சி ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது.

"கோழி" என்று மகள் படியிலிருந்து சொன்னாள். "அந்தச் செவப்புக் கோழிதாம்மா. கொட்டாங்குச்சிய உருட்டி உருட்டிக் கொத்துச்சு. நான்தான் தொரத்துனேன்."

கோழி எங்கள் வீட்டுக்காரருடையது. முன்பகுதியில் அவர் குடும்பமும் பின்பகுதியில் நாங்களும் குடியிருந்தோம், கொல்லை பொது. கடைவீதியில் தையற்கடை வைத்திருந்தார். நாங்கள் பாய் என்றே அழைப்போம். என் குரல் கேட்டுச் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தவர், நானும் மனைவியும் மண்ணில் மண்டியிட்டிருப்பதைக் கண்டு சிரித்தார்.

"என்னா வாத்தியாரே, பொதையலா? கெடைச்சா வூட்டுக்காரனுக்குப் பாதி, இப்பவே சொல்லிட்டேன்."

மனைவி நிமிர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு அடங்கிவிட்டது. "என்னா தங்கச்சி?" என்று கேட்டார். அவள் இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். அவர் வந்த வேகத்தில் திரும்பினார். உள்ளே போய் மாவு சலிக்கிற சல்லடையையும் பழைய செய்தித்தாளையும் கொண்டுவந்தார். அவர் மனைவி வாசலிலிருந்து, "மாவு சல்லடைய எடுத்துக்கினு எங்க போறீங்க?" என்று கேட்டதற்கு, "வேற வாங்கிக்கலாம், நீ மொதல்ல அந்தக் கோழியப் புடிச்சி அடை" என்றார்.

மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிச் சலித்தோம். நான் அள்ள, மனைவி சலிக்க, சல்லடையில் நின்றதைத் தாளில் கொட்டி அவர் ஆராய்ந்தார். உப்புக்கல், மஞ்சள் துண்டு, ஓட்டுச் சில்லு, சுவரிலிருந்து உதிர்ந்த காரை. காரைத் துணுக்குகள் எல்லாம் வெள்ளை, எல்லாம் கடினம். ஒவ்வொன்றையும் எடுத்து இதுவா இதுவா என்று நான் கேட்டேன்.

"நகருங்க வாத்தியாரே. தரையில வுழுந்த ஊசியத் தேடித் தேடிப் பழகின கண்ணு இது. நீங்க புஸ்தகத்துல தேடறதோட சரி."

அவர்தான் கண்டுபிடித்தார். அரை வேர்க்கடலை அளவில், ஒரு பக்கம் மண்ணும் மஞ்சளும் ஒட்டி, வெட்டிய பக்கம் வெண்மையாக ஒரு துண்டு. நகத்தால் தொட்டுப் பார்த்து, "இது காரை இல்ல. ஓரத்துல சதை இருக்குது பாருங்க" என்றார்.

மற்றப் பாதி கிடைக்கவில்லை. பொழுது சாயும்வரை அந்த மூலையில் முழங்கை ஆழத்துக்கு மண்ணைச் சலித்துவிட்டோம். கோழியை அறுத்துப் பார்க்கலாமா என்றுகூட அவர் கேட்டார், கேலியாக அன்று. கொத்தியதை அரைக்கும் கோழியின் வயிற்றில் இனி எதைத் தேடுவது? வேண்டாம் என்றேன்.

கிடைத்த பாதியைச் சுத்தமான துணியில் பொதிந்து மருத்துவரின் குடியிருப்புக்கு ஓடினேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் துணியைப் பிரித்துத் துண்டைப் பார்த்தார். பிறகு, "தப்பு உங்க வீட்டம்மா மேல இல்ல சார்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. துண்டைக் கழுவிப் புது மருந்தில் இட்டு, அது மண்ணில் கிடந்ததையும் பாதிதான் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை முதல் வண்டியில் போனேன். மஞ்சவாடிக் கணவாயின் வளைவுகளில் வண்டி சாயும்போதெல்லாம் துண்டில் சுற்றிய புட்டியை இரு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டேன். சேலத்துச் சோதனைக் கூடத்தில் இருந்தவர் ஒரு பெண் மருத்துவர். தாளை இரண்டு முறை படித்தார்.

"எத்தனை மணி நேரம் மண்ணுல இருந்துச்சு?"

"ஆறேழு மணி நேரம் இருக்கும்மா."

"சதை அழுகியிருந்தா ஒன்னும் சொல்ல முடியாது. அதை இப்பவே தெரிஞ்சிக்கங்க. சுண்ணாம்பு வேற இருக்கு. அப்படியே சீவினா கத்திதான் போகும். ஆசிட்ல ஊறவெச்சுக் கரைச்சாதான் சீவ முடியும். பத்து நாள் கழிச்சு வாங்க."

அந்தப் பத்து நாளை எப்படிக் கழித்தேன் என்று இப்போது கோவையாகச் சொல்லத் தெரியவில்லை. காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்து, ஒரே தாளுக்கு இரண்டு முறை மதிப்பெண் இட்டு, இரண்டும் வெவ்வேறாக இருந்ததைக் கண்டு மூடிவைத்தேன். மாலையில் கால்கள் என்னைப் பேருந்து நிலையத்துக்கு இழுத்துப்போயின. சேலத்திலிருந்து வருகிற வண்டிகளில் எனக்கென்று யாரும் வரப்போவதில்லை; இருந்தும் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரவில் படுத்தால் முதுகு பாயில் தங்கவில்லை.

மனைவி என்னைப்போல் அலையவில்லை. அவள் என்னை விசாரித்தாள். அடுப்பின் முன்னாலிருந்தும், துணி உலர்த்தும்போதும், திடீரென்று திரும்பிக் கேட்பாள்.

"அந்த டாக்டர் என்னா சொன்னாரு? அவரு சொன்னத அப்படியே சொல்லுங்க."

சொல்வேன்.

"வேற?"

"அவ்வளவுதான்."

"வேற எதையாச்சும் மறைச்சி வெச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க."

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அவள் வேறொன்று கேட்டாள். உள்ளே வெள்ளையாக இருந்தது சுண்ணாம்பு என்றுதானே மருத்துவர் சொன்னார். இரண்டு வாரம் அவள் பூசிய சுண்ணாம்பு தோல் வழியாக இறங்கிக் கட்டியைக் கல்லாக்கிவிட்டதா? இல்லை என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்குத் தெரியாது. பத்தாம் நாள் நானும் வருகிறேன் என்று அவள் சொன்னபோது நான் தடுக்கவில்லை. குழந்தையைப் பாய் வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். வழியெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டது, சில்லறை இருக்கிறதா என்பது மட்டுமே.

பெண் மருத்துவர் எங்களைப் பார்த்ததும் எழுதிவைத்த தாளை எடுத்தார். எடுக்கும்போதே, "ரெண்டு பேரும் மொதல்ல உக்காருங்க. பயப்படற மாதிரி இல்ல" என்றார். மனைவி உட்காரவில்லை.

"பயப்படற மாதிரி இல்லன்னா? கேன்சர் இல்லீங்களா?"

"இல்லம்மா. கேன்சர் இல்ல. பைலோமேட்ரிக்ஸோமான்னு பேரு. முடி மொளைக்கற வேர்ல இருக்கற செல்லுங்க, முடியா வளராம அங்கயே சுருண்டு தங்கிடும். தங்கி, செத்து, அதுமேல சுண்ணாம்பு படிஞ்சிடும். குழந்தைங்களுக்குக் கழுத்துலயும் மூஞ்சிலயும் வர்றது சகஜம்."

எனக்கு அதுவே போதும், தாளை வாங்கக் கை நீட்டினேன். மனைவியோ விடவில்லை.

"மண்ணுல கெடந்துச்சுங்களே. அப்பறம் எப்படி உங்களுக்குத் தெரிஞ்சுது?"

மருத்துவர் அவளைச் சற்று வியப்போடு பார்த்தார். பிறகு எழுந்து நுண்ணோக்கியின் முன்னால் தம் இருக்கையைக் காட்டினார். "வந்து பாருங்க." என் மனைவி, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் குனிந்தாள். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டாள்.

"ரோஸ் நெறத்துல பாய் விரிச்ச மாதிரி தெரியுது" என்றாள்.

"அதுல கட்டம் கட்டமா கோடு தெரியுதா? ஒவ்வொரு கட்டமும் ஒரு செல்லு. நல்ல செல்லா இருந்தா நடுவுல நீலமா ஒரு பொட்டு இருக்கும். இதுல பொட்டு இல்ல. பொட்டு இருந்த எடம் மட்டும் வெறுமனே இருக்கு. நாங்க இதைப் பேய் செல்லுன்னு சொல்லுவோம். இது இருந்தா இந்தக் கட்டிதான். மண்ணுல கெடந்ததால ஓரத்துச் சதையெல்லாம் கெட்டுப்போச்சு. இது கெடல. ஏன்னா, இது உங்க பொண்ணு கழுத்துல இருக்கும்போதே செத்துப்போனது. செத்தத மண்ணு என்ன பண்ணும்?"

"உப்பு போட்டுத்தான் வெச்சேன்" என்று மனைவி குனிந்தபடியே சொன்னாள்.

"அதுவும் கெடுதல் பண்ணல."

"நான் சுண்ணாம்பு தடவினதால இப்படி ஆயிடுச்சுங்களா?"

"இல்லம்மா. இது ஒடம்பே போட்டுக்கற சுண்ணாம்பு. நீங்க தடவினது தோலைத்தான் புண்ணாக்கியிருக்கும். இனிமே தடவாதீங்க."

அவள் நிமிர்ந்தாள். பொத்தியிருந்த கண் சிவந்து நீர் கோத்திருந்தது. பொத்தாத கண்ணிலும் அப்படித்தான். அதற்குள் அவளுக்கு அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"மிச்சம் பாதி கெடைக்கலீங்களே. அதுல வேற எதாச்சும் இருந்தா?"

மருத்துவர் உடனே விடை சொல்லவில்லை. அந்தத் தயக்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன். "ஒரே கட்டிதான்மா. இந்தப் பாதி இவ்வளவு தெளிவா இருக்கறப்ப அந்தப் பாதி வேறயா இருக்காதுன்னுதான் நான் நம்பறேன். ஆனா முழுசா வேரோட எடுத்தாச்சான்னு பாதிய வெச்சு என்னால எழுதிக் குடுக்க முடியாது. அதனால ஒரு வருஷம், தையல் போட்ட எடத்தத் தடவிப் பாத்துக்கிட்டு இருங்க. அப்படியே மறுபடி வந்தாலும் இதேதான் வரும். உயிருக்கு ஒன்னும் பண்ணாது. எடுத்துடலாம்."

திரும்பும்போது வண்டியில் மனைவி சன்னலோரம் உட்கார்ந்து, தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். அதில் இருந்த ஆங்கிலத்தை வரி வரியாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னாள். எனக்கும் முழுவதும் விளங்கவில்லை. விளங்காததை விளங்கவில்லை என்று சொன்னேன். பரவாயில்லை, அதையும் படியுங்கள் என்றாள். கணவாய் இறங்கி முடியும்வரை படித்தேன்.

ஒரு வருடம் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். நான் இரண்டு வருடம் தடவினேன். நல்ல சேதி கேட்ட பின்னும் என் விரலுக்கு நிம்மதி வரவில்லை. கிடைத்த பாதி நலம் சொல்லிவிட்டது. கிடைக்காத பாதி என்ன சொல்லியிருக்கும் என்ற ஓர் அரிப்பு, பாடம் நடத்தும்போதும், நடக்கும்போதும், ஒரு வாக்கியத்தை எழுதி முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்குள்ளும் வந்து போயிற்று. காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது ஏதோ சடைப்பின்னலைச் சரிசெய்வதுபோல் மகளின் கழுத்தில் கைவைப்பேன். அந்தத் தழும்பு மெல்லிய வெள்ளைக் கோடாகிவிட்டிருந்தது. அதன் இரு முனைகளையும், கீழேயும், மேலேயும் அழுத்துவேன். ஒன்றும் இருக்காது. மறுநாள் மறுபடி அழுத்துவேன். அவளுக்கு ஏதும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். தெரியவேண்டாம் என்றும் நினைத்திருந்தேன்.

ஒன்பது வயதில் ஒருநாள் அவள் என் கையைப் பிடித்து விலக்கினாள்.

"விடுங்கப்பா, கூசுது. ஒன்னுமில்ல. காலையிலயே பாத்துட்டேன்."

"என்னத்தப் பாத்த?"

"கட்டி வருதான்னு. தெனமும் குளிக்கும்போது நானே பாத்துக்கறேன். வந்தாலும் அது கேன்சர் கெடையாதில்ல? அந்தச் சேலத்து டாக்டரம்மா சொன்னாங்கன்னு அம்மா சொல்லுச்சே."

"கேன்சர்னு யாரு சொன்னது உனக்கு?"

அவள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான். அன்னிக்கிக் கோழி கெளறினப்ப. நான் அங்கதானே உக்காந்து கடலை உரிச்சிக்கினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, மணி அடித்துவிடும் என்று தெருவில் இறங்கி ஓடினாள்.